பாத்திஹா ஓதாத ரொட்டி

காலையில் போன கூடை காலையிலேயே திரும்பி வந்தது.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் வாட்ச்மேன்தான் கொண்டுவந்தார். வழக்கமாக வெறும் கூடையைத் தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஏதாவது பாடிக்கொண்டே வருகிற மனுஷர். அன்றைக்குக் கூடை தலையில் இல்லை. கையை நீட்டி, உடம்பில் படாமல், செத்த எலியைத் தூக்கி வருவதுபோலத் தூக்கி வந்தார். மேலே மூடி அனுப்பிய வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. துணிக்கு அடியில் ரொட்டியும் அப்படியே இருந்தது.

"என்னங்க, பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டேன்.

"லீவெல்லாம் இல்லங்கம்மா. பிள்ளைக வாயில வைக்க மாட்டேங்குது. தார் நாத்தம் அடிக்குதாம். மேடம் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க."

"தாரா?"

"ஆமாங்க. ரோட்டுக்கு ஊத்துற தாரு."

நான் ஒரு ரொட்டியை எடுத்து முகர்ந்தேன். ரொட்டி வாசனைதான் வந்தது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் காதர் மாவுக்கையோடு வந்து, அவரும் பிட்டு முகர்ந்தார். "தாராம் தாரு! நெய் கணக்கா மணக்குது. நாலு சீமைப் பிள்ளைக மொகத்தச் சுளிச்சா அதுக்கு ரொட்டிய அனுப்பிருவாகளா?" என்று சத்தம் போட்டார்.

வாட்ச்மேன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பைத்தியங்களைப் பார்க்கிற பார்வை அது. பிறகு கூடையைத் தரையில் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். அந்தத் துடைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

கம்ப டிப்போ

இந்தத் தொடரில் போன வாரம் எங்கள் பழைய பஜார்க் கடையோடு நிறுத்தியிருந்தேன். நன்றாக நடந்த கடையை விட்டுவிட்டு ஏன் போனீர்கள் என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் விடவில்லை. கட்டடக்காரர் விற்றுவிட்டார், வாங்கியவர் லாட்ஜ் கட்டப்போகிறேன் என்றார். எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் யாரைப் பார்த்தாலும் லாட்ஜ் கட்டப்போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கம்ப டிப்போ இடத்தைப் புது ஏரியாவாக மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது.

கம்ப டிப்போ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தைலமரத்தை வெட்டி, பட்டை உரித்து, கரண்டுக் கம்பத்துக்கும் தந்திக் கம்பத்துக்கும் ஆக்குகிற இடம். சும்மா நட்டால் கரையான் தின்றுவிடும் என்று, ஆள் நீளத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளமான இரும்புத் தொட்டிகளில் கறுப்பு எண்ணெயைக் காய்ச்சி, அதில் மரத்தை ஊறப்போடுவார்கள். தார் எண்ணெய் என்போம். ஊறிய மரத்தை வெளியே எடுத்துச் சாய்த்து வைத்தால் சொட்டுச் சொட்டாக வடியும். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து, சிமெண்டுக் கம்பம் வந்து தொழில் படுக்கிறவரைக்கும் வடிந்தது. அத்தனையும் போன இடம் மண்தான். மழை பெய்தால் அங்கேயிருந்து ஓடிவருகிற தண்ணீரில் மயில் கழுத்து நிறம் மினுங்கும்.

அங்கே வீடு கட்டலாம் என்று ஒருவர் மூளையில் உதித்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். எல்லா ஆபீசும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பிளான் படத்தை ஒரு பலகையில் ஒட்டி வைத்திருந்தார்கள். மேட்டை ஒட்டி முன்வரிசை: கீழே கடை, மேலே வீடு. அதில் ஒன்று எங்களுக்கு. அதற்கு எதிரே இறங்குகிற சரிவில், தொட்டிகள் இருந்த இடத்தில் பின்வரிசை: ஒற்றை அறை வீடுகள், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு. நடுவில் பூங்கா. பூங்காவில் கையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடந்துபோவது மாதிரி வரைந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மூக்கு வரையவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மண்ணெல்லாம் எண்ணெயா கெடக்கே சார், அதுல எப்புடி இருக்கது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

தங்கராசு என்று ஓவர்சியர் ஒருவர். எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லுவார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. "அதெல்லாம் க்ளீன் பண்ணிருவோம் பாய். நீங்க கடையத் தொறக்குற சோலியப் பாருங்க" என்றார்.

க்ளீன் பண்ணினார்கள். லாரி லாரியாகச் செம்மண் வந்தது. கறுப்பு மண்ணின் தலையில் செம்மண்ணைக் கொட்டி, மட்டப்பலகை போட்டு இழுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழுக்குத் தலையணைக்குப் புது உறை மாட்டினால் அழகாக இல்லாமல் போகுமா?

மண்ணைப் பார்த்து மயங்கியவர்

ரொட்டி அடுப்புக் கட்டுவது எல்லாக் கொத்தனாருக்கும் வராது. எங்களுக்கு எப்போதும் வத்தலக்குண்டு சுப்பையாதான் கட்டுவார். அடியில் மண்ணைக் குழைத்து இறுக்கி மெத்தை போட வேண்டும். அதன்மேல் மணல், உப்பு, உடைத்த கண்ணாடி. அதன்மேல் செங்கல் தளம், தளத்துக்கு மேல் கூண்டு. கூண்டின் முதுகிலும் மண் பூச வேண்டும். இந்த மண்தான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். விறகை உள்ளேயே எரித்து, கங்குகளை வாரி வெளியே தள்ளிவிட்டு, அந்தச் சூட்டில்தான் ரொட்டி வேகும்.

மலையில் அதற்கேற்ற மண் கிடைப்பது கஷ்டம். பொலபொலவென்று உதிரும். போன தடவை சுப்பையா கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பிசைந்தும் கூண்டு இரண்டு முறை வெடித்தது. அதனால் புதுக் கடையின் பின்கட்டில் அவர் மண்வெட்டியைப் போட்டு, செம்மண்ணுக்குக் கீழே கறுப்பு மண்ணைக் கண்டதும், புதையலைக் கண்டவர்போல ஆகிவிட்டார். ஒரு பிடி எடுத்து உருட்டினார். உருண்டை உடையவில்லை. தரையில் போட்டார். அப்போதும் உடையவில்லை.

"பாய்! இங்கிட்டு வாங்க, வெரசா வாங்க! என்னா பசை பாருங்க! பாகே வேண்டியதில்ல. இந்த மண்ணுல கட்டுனா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

என் வீட்டுக்காரரும் உருட்டிப் பார்த்தார். அவர் முகமும் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த மண்ணை நெற்றியில் வைத்துக்கொள்ளாத குறைதான். நாற்றம் அடிக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சுப்பையாவுக்கு வாய் நிறையப் புகையிலை, வேறு வாசனை ஏறாது. எனக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கட்டடம் முடிகிற முன்பே மேல்வீட்டில் குடியேறி, அந்தக் காற்றையே மூச்சாக இழுத்து, எங்கள் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டது. பூண்டு மூட்டை ஏறுகிற பூம்பாறை பஸ்ஸில் தினமும் வருகிறவர்களுக்குப் பூண்டு வாசனை தெரியாது. அது மாதிரிதான்.

அடுப்பு அழகாக எழும்பியது. ஒரு கீறல் இல்லை.

நல்லா இருக்குங்க

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். புது அடுப்பில் வேகிற முதல் ரொட்டியை விற்க மாட்டோம். பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டுக் குர்ஆனிலிருந்து பாத்திஹா ஓதி, அக்கம்பக்கம் அத்தனை வீட்டுக்கும் ஒவ்வொரு பன் கொடுப்போம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லா வீட்டுக்கும்தான்.

நானே ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் அந்த வாரம்தான் குடிவந்தவர்கள். பின்வரிசையில் முதல் வீடு பாக்கியம் வீடு. கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கப்பலேறி மண்டபம் வந்து, அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து, கடைசியில் எங்கள் மலையில் காரட் பிடுங்குகிற கூலிக்கு வந்து சேர்ந்தவள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயருக்கு ஒரு கதவு கிடைத்த சந்தோஷத்தில், அந்தக் கதவை நாளுக்கு இரண்டு தடவை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போறணை பத்த வச்சாச்சா பாயம்மா? இனி அங்க மாதிரி சுடச்சுடப் பாண் கிடைக்கும்" என்று இரண்டு கையாலும் பன்னை வாங்கிக்கொண்டாள். அவர்கள் ஊர்ப் பேச்சில் ரொட்டியடுப்பு போறணை, ரொட்டி பாண். என் கண் முன்னாலேயே ஒரு கடி கடித்தாள். மென்றாள். கொஞ்சம் அதிக நேரம் மென்ற மாதிரி இருந்தது.

"எப்புடி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அடுத்த வீட்டிலும் "நல்லா இருக்குங்க." அதற்கடுத்த வீட்டில், "நல்லாத்தான் இருக்குங்க, வேல கெடக்கு, அப்புறம் சாப்பிடுறோம்." முன்வரிசை டைலர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "ஆண்டவர் உங்க கடைய ஆசீர்வதிப்பார்" என்றார். இதைவிட ஒரு சர்ட்டிபிகேட் வேண்டுமா? மறுநாள் வெள்ளனே ஹாஸ்டலுக்குக் கூடை போனது. போன கூடை வந்த கதையைத்தான் மேலே சொன்னேன்.

வாட்ச்மேன் போனதும் நேரே பாக்கியம் வீட்டுக்குப் போனேன். கையில் அதே ரொட்டி.

"உண்மையச் சொல்லு. நாறுதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாறுதான்னு கேக்குறேன்ல!"

"ஓதிக் குடுத்தது பாயம்மா. அதுக்கு நொட்டை சொல்லலாமா? பாவமில்லையா? பிள்ளைக்குக் குடுக்கல. நான் முழுங்கிட்டேன்."

"முழுங்குனியா?"

"ரெண்டு செம்பு தண்ணி குடிச்சேன்."

எனக்கு அழுவதா அவளைக் கன்னத்தில் அறைவதா என்று தெரியவில்லை. ஒரு காலனி முழுவதும் தாரை முழுங்கிவிட்டு நல்லா இருக்குங்க என்று சொல்லியிருக்கிறது! ஒரே ஒரு ஆள் த்தூ என்று துப்பியிருந்தால் ஹாஸ்டல் கூடையை அனுப்பியிருக்கவே மாட்டோம்.

மேலே கீழே

ஹாஸ்டல் ரொட்டிதான் எங்கள் சாப்பாடு. சீசன் இரண்டு மாசம், அதை நம்பி யாரும் பேக்கரி நடத்த முடியாது. மழையிலும் பனியிலும் டூரிஸ்ட் ஒருவரும் இல்லாத நாளிலும் கூடை போகிற இடம் அது ஒன்றுதான். மேடம் நல்ல மனுஷி. அடுத்த மாசத்துக்குள் சரிசெய்தால் மறுபடி வாங்குகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

சுப்பையா வந்தார். தான் கட்டிய அடுப்பின் முன்னால் நின்று, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு இடித்தார். பூம்பாறை ரோட்டிலிருந்து மண் கொண்டுவந்து, பாகு ஊற்றிப் பிசைந்து, மறுபடியும் கட்டினார். முதல் நாள் ரொட்டியை மூக்கு கெட்டுப்போகாத வாட்ச்மேனிடமே கொண்டுபோய்க் காட்டினோம். நல்லா இருக்கிறது என்றார். இந்த முறை நான் நம்பவில்லை, சத்தியம் வாங்கினேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலைந்து நாள் போனதும் அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்பில் கேடு இல்லை. தினம் தினம் விழுந்த சூடு தளத்தைத் தாண்டி இறங்கி, அடியிலிருந்த பழைய மண்ணை எழுப்பிவிட்டது.

ஓவர்சியரிடம் போனோம். கடை தளத்தைத் தோண்டி அந்த மண்ணை எடுங்கள் என்றோம்.

"செம்மண் போட்டாச்சே பாய்."

"அதுக்குக் கீழதான் சார் கெடக்கு."

"கீழ கெடக்கது கீழ கெடக்கட்டும். நீங்க ஏன் அதைத் தோண்டுனீங்க?" என்றார், அதே சிரித்த முகத்தோடு.

அன்றைக்கு வீடு திரும்பி மேல்வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பின்கதவு திறந்து கிடந்தது. மலையில் வீடு கட்டினால் அப்படித்தான், முன்பக்கம் மாடியாக இருப்பது பின்பக்கம் தரையாக இருக்கும். எங்கள் மேல்வீட்டின் பின்கதவைத் திறந்தால் மேட்டு நிலம் வந்துவிடும். மேட்டில் டிப்போ எந்தக் காலத்திலும் ஏறியதில்லை. வெறும் பாறை, பாறைக்கு மேல் கொஞ்சம் புல்.

"ஏங்க" என்றேன். "அடுப்ப இங்க வைப்போம்."

"எங்க? வீட்டுலயா?"

"பாறைமேல வைப்போம். வாய் மட்டும் நம்ம அடுப்பங்கரைக்குள்ள வரட்டும்."

"அப்ப நாம எங்க இருக்கது?"

நான் தரையைக் காட்டினேன்.

அப்படித்தான் ரொட்டி மாடிக்குப் போனது, நாங்கள் கீழே போனோம். கடையின் முன்பகுதியில் வியாபாரம், பின்கட்டில் எங்கள் படுக்கை, சமையல், பிள்ளைகள். இரண்டாவது அடுப்பை இடிக்கக்கூட மனசு வராமல் அதற்குள் விறகு அடுக்கிவைத்தோம். சிமெண்டுத் தளத்தில் எங்கே விரிசல் இருந்ததோ அங்கே வெயில் நாளில் கறுப்பாக மணிமணியாக வேர்க்கும். பிள்ளைகளின் உள்ளங்கால் எப்போதும் கறுப்பு. தலைமுடியில், துணியில், பாயில் எல்லாம் அந்த வாசனை ஏறியது. பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் நாத்தனார் என் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தாள். ஊரார் வாயில் போகிற ரொட்டிக்குச் சுத்தமான பாறை, எங்களுக்குத் தார்த் தரை. ஆனால் ஹாஸ்டல் கூடை மறுபடியும் போக ஆரம்பித்தது, வாட்ச்மேன் மறுபடியும் பாடிக்கொண்டு வந்தார்.

ஓவர்சியர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "பிளான்ல கீழ கடை, மேல வீடும்மா. நீங்க தலைகீழா மாத்திட்டீங்களே, ரூல் ஒத்துக்காதே" என்றார். நான் கையில் கங்கு வாருகிற கம்பி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். ரூலைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

எங்கள் ரொட்டியே சாட்சி

இதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்கமாட்டேன்.

பின்வரிசைக்காரர்கள் நிலைமை எங்களைவிட மோசம். தொட்டிகள் இருந்த இடமே அதுதான். பாக்கியம் வாசலில் கீரை போட்டாள், முளைத்தது கருகியது. குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் கறுப்புத் தண்ணீர் ஊறியது. அதில் கால் வைத்த பிள்ளைகளுக்குக் காலெல்லாம் தடித்துப் புண்ணானது. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பின்வரிசை முழுவதும் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள். மேல் மண்ணை இடுப்பளவு தோண்டி எடுத்துவிட்டு வேறு மண் போடுங்கள், இதுதான் கோரிக்கை.

மனு நாளில் ஆபீசுக்குப் போய்விட்டுப் பாக்கியம் நேராக எங்கள் கடைக்கு வந்தாள். அவள் என்னிடம் கோபமாகப் பேசியது அன்றைக்கு ஒருநாள்தான்.

"உங்க பாணைக் காட்டுறாங்க பாயம்மா."

"என்ன சொல்ற?"

"அந்த ஓவர்சியரு சொல்றாரு. 'அதே எடத்துல பாய் பேக்கரி நடத்துறாரு. ஹாஸ்டல் பிள்ளைக திங்குது. நானே தினமும் டீக்கு அந்த பன்னுதான் வாங்குறேன், கம்முன்னு மணக்குது. மண்ணு கெட்டிருந்தா ரொட்டி கெடாதா? உங்களுக்குத்தான் சுத்தபத்தம் தெரியல, காலைக் கழுவுங்க' அப்புடின்னு. பெரிய ஐயா தலைய ஆட்டிட்டு மனுவ மடக்கி வச்சுட்டாரு."

வீட்டைத் தலைகீழாக்கி, பிள்ளைகளைத் தாரில் படுக்கவைத்து நாங்கள் காப்பாற்றிய ரொட்டி! அதை வைத்தே அந்த ஓவர்சியர் இவர்கள் வாயை அடைக்கிறான்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கீழ் அடுப்புல இருக்க விறகை எடுங்க. அதைப் பத்த வைக்கணும்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "வேணாம் மைமூன். காதர் பாய் ரொட்டி நாறுதுன்னு ஒரு வார்த்த பஜார்ல விழுந்தா போதும். ஹாஸ்டல் போச்சு, ஹோட்டல் போச்சு. எந்த அடுப்பு, எந்த மண்ணுன்னு எவன் நின்னு கேப்பான்? நம்ம கையால நம்ம தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கச் சொல்றியா?"

"மண்ணுலதான படுத்துக் கெடக்கோம். தலையிலயும் கொஞ்சம் போட்டுக்குவோம்."

அவர் வாசலில் போய் நின்று பின்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பாக்கியத்தின் பிள்ளை படியில் உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தது. பிறகு உள்ளே வந்து விறகை இழுத்துப் போட்டார்.

நான் மாவு பிசையப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "நீ பெசஞ்சா சரியா வராது. நாத்தம் மண்ணோடதா இருக்கணும். மாவோடதா இருந்துறக் கூடாது." கெட்டுப்போகவென்றே சுடுகிற ரொட்டிக்கு அந்த மனுஷர் நல்ல மைதாவாகப் பார்த்து எடுத்து, முறையாகப் புளிக்கவைத்து, இரண்டு தரம் எழும்பவிட்டார். நாலைந்து நாள் அந்த அடுப்பைச் சும்மா எரித்துச் சூடேற்றினோம். கடைசி நாள்தான் மாவை உள்ளே வைத்தோம். பொன்னிறத்தில் உப்பி, படத்தில் போடுகிற மாதிரி வந்தது.

துப்பலாம் ஐயா

அடுத்த மனு நாளில் நானும் பாக்கியமும் போனோம். மூடிய தட்டோடு உள்ளே போனதும் ஓவர்சியர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா! சார், நான் சொன்னேன்ல, அந்த பேக்கரி அம்மா இவங்கதான்."

பெரிய அதிகாரிக்கு வயசு அதிகமில்லை. கண்ணாடி போட்ட, அலுத்துப்போன முகம். நான் தட்டை மேசைமேல் வைத்துத் துணியை எடுத்தேன். "நம்ம டிப்போ இடத்து ரொட்டிங்க. ஓவர்சியர் ஐயா மனுவுக்குப் பதிலா இதைத்தான் சொன்னாகளாம். அதான் கொண்டாந்தோம்" என்றேன்.

ஓவர்சியருக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய அதிகாரிக்கு ஒரு பன்னை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்றை எடுத்தார். நன்றாக வாயைத் திறந்து கடித்தார்.

மெல்லுகிற வாய் நின்றது. கன்னம் உப்பியபடியே என்னைப் பார்த்தார். பெரிய அதிகாரி அதற்குள் பன்னை வாயருகே கொண்டுபோய், மூக்கிலேயே நிறுத்தி, மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். ஓவர்சியரால் முழுங்கவும் முடியவில்லை. மேலதிகாரி முன்னால் துப்பவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாக்கியம் ஒரு எட்டு முன்னால் வந்தாள். கொஞ்சங்கூடக் குரலை உயர்த்தவில்லை.

"துப்புங்க ஐயா. துப்பலாம். அன்னிக்கு எங்களுக்கு ஓதிக் குடுத்தாங்க, நாங்க முழுங்கிட்டோம். இது ஓதாத பாண்தான்."

அவர் ஜன்னலுக்கு ஓடினார்.

பெரிய அதிகாரி தன் கையை முகர்ந்து பார்த்தார். மேசை இழுப்பைத் திறந்து, மடக்கிவைத்த மனுவை எடுத்து விரித்தார். "எவ்வளவு ஆழம் கேட்டிருக்கீங்க?" என்று பாக்கியத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இடுப்பளவு ஐயா" என்றாள் பாக்கியம். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

மீதி

என் வீட்டுக்காரர் பயந்ததும் நடந்தது. இரண்டு ஹோட்டல்காரர்கள் ரொட்டியை நிறுத்தினார்கள். ஒரு சீசன் முழுக்க ஈ ஓட்டினோம். ஹாஸ்டல் மேடம் மட்டும் தானே நேரில் வந்து, மாடியேறி, பாறைமேல் இருந்த அடுப்பைத் தொட்டுப் பார்த்து, கீழே இறங்கி எங்கள் படுக்கையைப் பார்த்துவிட்டுப் போனார். கூடை நிற்கவில்லை.

தோண்டினார்கள். எல்லாச் சர்க்கார் வேலையும் போல நின்று நின்று, அடுத்த மழைக்குள் பின்வரிசை முழுவதும் தோண்டி, எங்கள் கடைத் தளத்தையும் உடைத்து, கறுப்பு மண்ணை லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று லாரிக்காரனைக் கேட்டேன். "கீழதாங்க" என்றான். கீழே என்றால் எங்கே? மலைமேல் இருக்கிறவர்களுக்கு வேண்டாததெல்லாம் கீழே போகும், கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எவருக்கும் ஞாபகம் வருவதில்லை. கீழ்ச்சரிவில் இருக்கிற வெள்ளகவி ஊர்க்காரர்கள் யாராவது பஜாருக்கு ஏறி வந்தால் நானே கேட்பேன், உங்கள் பக்கம் ஏதாவது கொட்டினார்களா என்று. இல்லை என்றார்கள். வேறு யார் பக்கம் கொட்டினார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை.

புதுத் தளம் போட்ட அன்றைக்கு என் வீட்டுக்காரர் மறுபடியும் லெப்பையைக் கூப்பிட்டார். மாடி அடுப்பில் வெந்த பன்னுக்குப் பாத்திஹா ஓதி, நானே தட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இந்த முறை அவரும் கூடவே வந்தார். முதல் வீடு பாக்கியம் வீடு. வாசலில் புதிதாகக் கீரை விதைத்துக் குச்சி நட்டிருந்தாள். இரண்டு கையாலும் வாங்கினாள், கடித்தாள், மென்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்புடி இருக்கு பாக்கியம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் இன்னொரு கடி கடித்தாள்.

"உப்பு பத்தாது பாய்" என்றாள்.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஓதிக் கொடுத்த தன் ரொட்டியை ஒருவர் குறை சொல்லி அவர் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. நான் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுப் பார்த்தேன்.

பத்தவில்லைதான்.